பிள்ளையின் காசும் பெற்றோரின் கையும்

 

 

பெருநாள் முடிந்த மறுவாரம். சிலமலையைச் சேர்ந்த சகோதரர் ஒருவர் அஸர் தொழுகைக்குப் பின் என்னிடம் வந்தார். கையிலிருந்த பையில் ஒரு பழைய பொம்மை.

"ஹஜ்ரத்! என் மகளுக்கு ஒன்பது வயது. பெருநாளுக்கு நன்னிமாவும் மாமாமாரும் அவளுக்கு 600 ரூபாய் கொடுத்தார்கள். அவள் அம்மாவோடு போடிக்குப் போனவள், பழைய சாமான் கடையில் 60 ரூபாய் கொடுத்து இதை வாங்கி வந்துவிட்டாள். யார் வீட்டுப் பிள்ளை விளையாடிப் போட்டதோ! ஒரு கை வேறு கழன்று விழுகிறது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சிறுபிள்ளை செய்த வியாபாரம் செல்லுமா? திருப்பிக் கொடுத்துவிடலாமா?" என்றார்.

கை கழன்றிருப்பதைக் கடைக்காரர் சொன்னாரா என்று கேட்டேன். "சொல்லித்தான் விற்றாராம். 80 ரூபாய் சொன்னவரிடம் இவள் அந்தக் கையைக் காட்டியே 20 ரூபாய் குறைத்திருக்கிறாள்" என்றார். கோபத்தோடு வந்தவரின் குரலில் அப்போது சிறிது பெருமையும் தெரிந்தது.

சிறுபிள்ளையின் வியாபாரம்

அன்பானவர்களே! இது சிரித்துவிட்டுப் போகிற கேள்வியன்று. நம் ஹனஃபி மத்ஹபின் சட்ட நூல்கள், நன்மை தீமை பிரித்தறியும் பருவத்துப் பிள்ளையின் செயல்களை மூன்றாகப் பிரிக்கின்றன. அன்பளிப்பைப் பெறுவது போன்ற முழு இலாபமான செயல், பொறுப்பாளரின் அனுமதியின்றியே செல்லும். தன் பொருளைத் தானமாகக் கொடுப்பது போன்ற, பொருள் குறைகின்ற செயல், பொறுப்பாளர் அனுமதித்தாலும் செல்லாது. வாங்கல், விற்றல் போன்று இலாபமும் நட்டமும் கலந்த செயல், பொறுப்பாளரின் அனுமதியைப் பொறுத்து நிற்கும். ஷாஃபிஈ மத்ஹபில், பேரம் பேசிப் பழகப் பிள்ளையை விடலாம். ஒப்பந்தத்தைப் பொறுப்பாளரே முடிக்க வேண்டும்.

எனவே அவரிடம் சொன்னேன்: "நன்னிமா கொடுத்த நொடியிலேயே அந்தக் காசு உங்கள் மகளுடையதாகிவிட்டது. இந்த வியாபாரம் மட்டும் உங்கள் சொல்லுக்காகக் காத்திருக்கிறது. சரி என்றால் செல்லும். மறுத்தால் முறியும். ஆனால் மறுப்பதற்கு முன், அவள் என்ன தவறு செய்தாள் என்று சொல்லுங்கள்!"

அநாதைகளின் பொருளைப் பற்றிப் பேசும்போது அல்லாஹுத்தஆலா, அவர்கள் மணப்பருவம் அடையும் வரை அவர்களைச் சோதித்துவரச் சொல்கிறான். அவர்களிடம் தெளிந்த அறிவைக் கண்டால் பொருளை ஒப்படைக்கச் சொல்கிறான் (4:6). எப்படிச் சோதிப்பது? சிறிது பொருளைக் கையில் கொடுத்து, வாங்கவும் விற்கவும் விட்டுப் பார்ப்பதே சோதனை என்று நம் இமாம்கள் விளக்கினார்கள். பருவமடையும் முன்பே பிள்ளையை வியாபாரத்தில் பழக்கலாம் என்பதற்கு ஹனஃபி அறிஞர்கள் இவ்வசனத்தையே ஆதாரமாகக் காட்டுகிறார்கள்.

போடியில் ஏலக்காய் ஏலம் எடுக்கும் வியாபாரி என்ன செய்கிறார்? சாம்பிளைக் கையில் எடுத்து, நிறம் பார்த்து, பருமன் பார்த்து, குறை கண்டால் விலையைக் குறைத்துக் கேட்கிறார். அந்தச் சிறுமியும் அதைத்தான் செய்தாள். குறையை மறைக்காமல் சொன்ன கடைக்காரரும் பாராட்டுக்குரியவர். தானியக் குவியலின் அடியில் ஈரத்தை மறைத்து விற்றவரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த நிகழ்ச்சி ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது.

சிறுவராக இருந்த அப்துல்லாஹ் இப்னு ஜஅஃபர் (ரலி) அவர்கள், பிள்ளைகள் விற்பதைப் போல ஏதோ விற்றுக்கொண்டிருந்தார்கள். அவ்வழியே சென்ற நபி (ஸல்) அவர்கள், அவருடைய வியாபாரத்தில் பரக்கத் செய்யுமாறு துஆச் செய்தார்கள் என்று அபூயஃலாவின் தொகுப்பில் அறிவிப்பு உள்ளது. சிறுபிள்ளையின் வியாபாரத்தை ஏளனம் செய்யாமல் அதற்கு துஆச் செய்தார்கள் நம் நாயகம்!

பழைய பொம்மை

"பொம்மையை வீட்டில் வைக்கலாமா?" என்றும் அவர் கேட்டார். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் தோழிகளுடன் பொம்மை வைத்து விளையாடியதையும், நாயகத்தைக் கண்டு ஒளிந்துகொண்ட அத்தோழிகளை நாயகமே மீண்டும் விளையாட அனுப்பியதையும் புகாரியில் காண்கிறோம். அபூதாவூதின் அறிவிப்பில் அந்தப் பொம்மைகளுக்கு நடுவே துணியால் சிறகு வைத்த குதிரை ஒன்றும் இருந்தது. நாயகம் (ஸல்) அவர்கள் அதைப் பிடுங்கவில்லை. அது என்னவென்று கேட்டார்கள். சுலைமான் (அலை) அவர்களிடம் சிறகுள்ள குதிரைகள் இருந்ததைக் கேள்விப்பட்டதில்லையா என்று அன்னையவர்கள் பதில் சொல்ல, கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்தார்கள். விளையாட்டுப் பொம்மையை விற்பதும், பிள்ளைகள் அதை வைத்து விளையாடுவதும் ஆகும் என்று இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்களின் கருத்தும் பதிவாகியிருக்கிறது.

பழையது என்பதில் என்ன இழிவு? நாயகம் (ஸல்) அவர்கள் தம் செருப்பைத் தாமே தைத்தார்கள். தம் ஆடைக்குத் தாமே ஒட்டுப் போட்டார்கள்.

மீதிக் காசு எங்கே?

சகோதரர் மனம் இளகி, "சரி, வைத்துக்கொள்ளட்டும்" என்றார். வியாபாரம் நிறைவேறியது. "மீதி 540 ரூபாய்?" என்று கேட்டேன். தலை குனிந்தார். "அதை நான் வாங்கிக்கொண்டேன் ஹஜ்ரத். செல்போன் ரீசார்ஜுக்கும் டீக்கடைப் பாக்கிக்கும் போய்விட்டது. பிள்ளை காசுதானே!"

பிள்ளை காசுதானே! இந்தச் சொல்லைச் சொல்லாத வீடு நம்மில் எத்தனை? அறுபது ரூபாய்க்குக் கணக்குக் கேட்கிறோம். நாம் எடுத்ததற்குக் கணக்கு இல்லை.

மகனும் அவன் பொருளும் தந்தைக்குரியவை என்ற கருத்தில் இப்னுமாஜாவில் வரும் நபிமொழியைச் சிலர் எடுத்துக் காட்டுவர். பிள்ளைகள் பெற்றோரைப் பேண வேண்டும், வழியற்ற தந்தை தேவையளவு எடுத்துக்கொள்ளலாம் என்பதே அதன் பொருள் என்று பெரும்பாலான அறிஞர்கள் விளக்கினார்கள். பிள்ளையின் பொருள் தந்தையின் உடைமையே என்றால், சந்ததியை விட்டு இறந்த பிள்ளையின் சொத்தில் தந்தைக்கு ஆறில் ஒரு பங்கு என்று குர்ஆன் ஏன் வரையறுக்க வேண்டும் (4:11)? தன் உடைமையில் ஒருவருக்குப் பங்கு பிரித்துக் கொடுப்பதுண்டா?

ஆகவே பெரியோர்களே! விடியுமுன் ஜீப்பில் ஏறி ஏலத் தோட்டத்திற்குப் போய் உழைக்கும் தாய், அடுப்பெரிய வழியின்றிப் பிள்ளையின் காசைத் தொட்டால், அல்லாஹ் அவள் நிலையை அறிவான். வசதியிருந்தும் நாம் எடுத்தது நம் மீது கடன். பிள்ளையின் விளையாட்டுப் பொருளை, வந்த விருந்தாளியின் குழந்தைக்குத் தூக்கிக் கொடுக்கவும் நமக்கு உரிமையில்லை. தர்மம் பழக்க விரும்பினால், பள்ளிவாசல் உண்டியலில் அவளுடைய காசைப் போடச் சொல்லாதீர்கள். உங்கள் காசை அவள் கையில் கொடுத்துப் போடச் சொல்லுங்கள். அவள் பழகுவாள், உங்களுக்கும் நன்மை கிடைக்கும்.

இதை அவருக்குச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போன எனக்கு அன்றிரவு உறக்கம் வரவில்லை. என் பிள்ளைகளின் பெருநாள் காசில் நான் எடுத்தவை நினைவுக்கு வந்தன. மறுநாள் எண்ணிக் கொடுத்த பிறகே இதை மிம்பரில் பேசத் துணிந்தேன்.

அடுத்த ஜும்ஆவில் அந்தச் சகோதரர் சிரித்தபடி ஸலாம் சொன்னார். மகள் பொம்மையின் கையை நூலால் கட்டிவிட்டாளாம். பள்ளிக்கூட நோட்டின் கடைசிப் பக்கத்தில் "அத்தா தர வேண்டியது 540" என்று எழுதியும் வைத்திருக்கிறாளாம். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளச் சொல்லும் வசனம்தான் (2:282) திருக்குர்ஆனிலேயே மிக நீளமான வசனம். அதன்படி அமல் செய்தவள் ஓர் ஒன்பது வயதுச் சிறுமி! வாரம் 100 ரூபாயாக அடைத்து வருவதாகச் சொன்னார்.

இன்று வீடு திரும்பியதும் நாமும் நம் பிள்ளைகளை அழைத்து, "உனக்கு நான் ஏதும் தர வேண்டியிருக்கிறதா?" என்று கேட்போம். மறுமையில் கேட்கப்படும் முன் இங்கேயே கேட்டுவிடுவது எளிது.

வல்ல ரஹ்மான் பிறர் உரிமைகளைப் பேணும் பெற்றோர்களாக நம்மையும், நேர்மையான கொடுக்கல் வாங்கல் உள்ளவர்களாக நம் பிள்ளைகளையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்! யா ரப்பல் ஆலமீன்!