ஊருக்காக மனுக் கொடுத்தவரைத் தனியே விடலாமா?

(பாலவாக்கம் மீனவர் குப்பத்தில் நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரை)

கடலுக்குப் போய்வந்த களைப்போடு இங்கே வந்து அமர்ந்திருக்கும் மீனவப் பெருமக்களே!

போன மாதம் இந்தக் குப்பத்தில் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். நாம் படகு ஏற்றும் மணலில், வலை காயப்போடும் இடத்தில், இரவோடு இரவாகக் கட்டட இடிபாடுகளைக் கொட்டினார்கள். நம் தோழர் ஒருவர் லாரி நம்பரைக் குறித்துக்கொண்டு போய் மனுக் கொடுத்தார். கொடுத்தது திங்கட்கிழமை. புதன்கிழமை ராத்திரி இரண்டு பேர் அவர் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். அவர்கள் கையில் அவருடைய மனுவின் நகல் இருந்தது! "பிள்ளைகுட்டிக்காரனுக்கு இந்த வேலை எதற்கு?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

ஆபீஸ் பீரோவில் இருக்க வேண்டிய காகிதம் அவர்கள் கைக்கு எப்படிப் போயிற்று? இந்தக் கேள்வியைப் பேசத்தான் இன்று கூடியிருக்கிறோம். இது ஒரு குப்பத்துச் சங்கதி அல்ல. இதே பாதையில் உயிர்கள் போயிருக்கின்றன.

திருமயமும் முறப்பநாடும்

புதுக்கோட்டை மாவட்டம், திருமயம் பக்கத்து வெங்களூரைச் சேர்ந்தவர் ஜகபர் அலி. அ.தி.மு.க.காரர், முன்னாள் கவுன்சிலர். அவர் நம் கட்சிக்காரர் அல்லவே என்று நாம் ஒதுங்கலாமா? கூடாது. அனுமதி மீறிக் கல் வெட்டுகிறார்கள் என்று மனுமேல் மனுவாகக் கொடுத்தவர் அவர். 2025 ஜனவரி 17, வெள்ளிக்கிழமை, தொழுகை முடித்து ஸ்கூட்டரில் வீடு திரும்பிய அவரை டிப்பர் லாரி மோதிக் கொன்றது. முதலில் விபத்து என்றே பதிவாயிற்று. அவருடைய மனைவி விடவில்லை. இது கொலை என்று புகார் கொடுத்தார். அதன் பிறகே கொலை வழக்கு, கைதுகள், சி.பி.சி.ஐ.டி. விசாரணை எல்லாம் வந்தன. அந்தத் தாய் வாயை மூடியிருந்தால், கணக்கில் அது இன்னொரு சாலை விபத்துதான்!

சாதாரண ஜனங்களுக்குத்தான் இந்தக் கதி என்று எண்ணாதீர்கள். தாமிரபரணிக் கரையில் முறப்பநாடு கிராம நிர்வாக அதிகாரி லூர்து பிரான்சிஸ். மணல் திருட்டைப் பற்றிப் போலீஸில் புகார் கொடுத்தார். 2023 ஏப்ரல் 25 அன்று, பட்டப்பகலில், சர்க்கார் ஆபீசில் சர்க்கார் நாற்காலியில் இருந்தவரை வெட்டிக் கொன்றார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் இருவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அவசரமாக நடந்த வழக்கு, வரவேற்கிறோம். ஆனால் புகாருக்கும் அரிவாளுக்கும் நடுவே இருந்த நாட்களில் அவரைக் காத்தவர் யார்?

சட்டம் எங்கே தூங்குகிறது?

ஏன் கொல்லுகிறார்கள்? லாபத்துக்காக. அனுமதி ஓர் அளவுக்கு. வெட்டுவது பல மடங்கு. ஒரே நடைச்சீட்டில் பல நடை லாரி. இந்தக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் எழும்பும் அடுக்குமாடிகளுக்கு ஜல்லியும் எம்-சாண்டும் வெளி மாவட்டத்து மலைகளிலிருந்தே வருகின்றன. வெட்டும்போது அங்கே ஒரு கிராமத்தின் கிணறு வற்றுகிறது. இடித்தால் அதே கல் நம் வலைமேல் வந்து விழுகிறது. அங்கே மனுக் கொடுத்தவரும் இங்கே மனுக் கொடுத்தவரும் ஒரே லாரியை மறிக்கிறார்கள்.

இவர்களைக் காக்கச் சட்டமே இல்லையா? ஊழலை அம்பலப்படுத்துவோர் பாதுகாப்புச் சட்டம் 2014-இல் பார்லிமெண்டில் நிறைவேறியது. பத்தாண்டு கடந்தும் அதை அமலுக்குக் கொண்டுவரவில்லை. சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தை 2018 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் ஏற்றது. நல்ல திட்டந்தான். ஆனால் அது கடுங்குற்ற வழக்குகளின் சாட்சிகளுக்கு. மனுக் கொடுத்தவர் இன்னும் சாட்சி ஆகவில்லையாம்! அவர் செத்த பிறகுதான் சாட்சி தேடுகிறார்கள்.

தேடினாலும் நிற்கிறதா? குஜராத்தில் கிர் காட்டை ஒட்டிய சட்டவிரோதச் சுரங்கங்களை எதிர்த்து வழக்குப் போட்ட அமித் ஜேத்வா, 2010 ஜூலை 20 அன்று ஹைகோர்ட் எதிரிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். விசாரணையில் நூற்றுக்கு மேற்பட்ட சாட்சிகள் மாறிப் பேசினர். மறுவிசாரணை நடந்து 2019-இல் ஏழு பேருக்கு ஆயுள் தண்டனை. 2024-இல் ஹைகோர்ட்டில் ஏழு பேருக்கும் விடுதலை.

பிரேசில் தொழிலாளி காட்டிய வழி

உலகம் பூராவும் இதே நிலைமைதான். நிலத்தையும் சுற்றுச்சூழலையும் காக்க நின்றவர்களில் 196 பேர் 2023-இல் மட்டும் கொல்லப்பட்டதாகக் குளோபல் விட்னஸ் ஸ்தாபனம் கணக்கிட்டிருக்கிறது. ரப்பர் பால் எடுக்கும் தொழிலாளி, சங்கத் தலைவர் சிக்கோ மெண்டிஸ், அமேசான் காட்டை அழித்த பண்ணையார்களை எதிர்த்தார். காவலுக்குப் போலீஸார் இருந்தும், 1988 டிசம்பர் 22 அன்று தன் வீட்டுப் பின்வாசலில் சுடப்பட்டார். ஆனால் அவர் கற்றுத்தந்த முறை சாகவில்லை. மரம் அறுக்க வரும்போது ஆண்கள், பெண்கள், குழந்தைகள் எல்லோருமாகச் சென்று ரம்பத்துக்கு முன் நிற்பதே அந்த முறை. 1990-இல் அவர் பெயரால் ஒரு காப்புக் காடே அமைந்தது. 2021-இல் அமலுக்கு வந்த எஸ்காசு ஒப்பந்தம், இத்தகையோரைக் காப்பது சர்க்காரின் கடமை என்று, அதை ஏற்ற லத்தீன் அமெரிக்க நாடுகளைக் கட்டுப்படுத்துகிறது. நம் நாட்டிலும் அப்படியொரு கடமை எழுத்தில் வர வேண்டாமா?

நம் பங்கு

சர்க்காரைக் கேட்கும் முன் நம்மையே கேட்டுக்கொள்வோம். நம் தோழர் மனுக் கொடுக்கப் போனபோது நாம் என்ன செய்தோம்? "நல்ல காரியம், கொடுத்துவிட்டு வாருங்கள்" என்று சொல்லிவிட்டு வேறு வேலைக்குப் போனோம். அவர் தனியே போனார். மனுவில் ஒரே பெயர் இருந்தது. மிரட்ட வந்தவர்களுக்கு ஒரே வீட்டைத் தேடினால் போதுமாயிற்று. இது நம் தவறு. இதை மறைக்காமல் ஒப்புக்கொள்கிறோம்.

ஆகவே இனி இவ்வாறு செய்வோம். தனி மனு வேண்டாம்; நூறு கையெழுத்துள்ள கூட்டு மகஜர் கொடுப்போம். நூறு வீட்டு வாசலில் எந்தக் குண்டரும் போய் நிற்க முடியாது. மகஜரின் நகலும் போட்டோவும் மூன்று வீடுகளில் இருக்கட்டும். மிரட்டல் வந்தால், தேதி, நேரம், வண்டி நம்பர், போன் நம்பர் எழுதி அன்றைக்கே ஸ்டேஷனில் புகார் கொடுத்து, சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் திரும்பக் கூடாது. புகார் கொடுத்தவர் இருட்டில் தனியே போகக் கூடாது. அவர் வேலைக்குப் போகாத நாளில் அவர் அடுப்பு எரிவதைச் சங்கம் பார்த்துக்கொள்ளும்.

சர்க்காரிடம் நாம் கேட்பது மூன்று: மனுதாரர் பெயரை வெளியே விடும் அதிகாரிமேல் நடவடிக்கை, மிரட்டல் புகார் வந்தவுடன் பாதுகாப்பு, 2014 சட்டத்தை உடனே அமல்படுத்துவது.

வருகிற திங்கட்கிழமை காலை, கலெக்டர் ஆபீசுக்குக் கூட்டு மகஜரோடு போகிறோம். தோழரின் பெயர் அதில் இருக்கும், ஆனால் நடுவில், நூற்றில் ஒன்றாக இருக்கும். முதல் கையெழுத்துகளை நாங்கள் போட்டுவிட்டோம். காகிதம் இதோ மேஜைமேல் இருக்கிறது. வாருங்கள்!