நீர்ப்பிடிப்பு வடிவமைப்பும் சொல்லின் பொறுப்பும்



பொறியியலைப் பற்றி மொழியியலார் பேசுவதேன் என்னும் வினா எழலாம். பல்கலைக்கழகத்தில் நீர்ப்பிடிப்பு வடிவமைப்பைப் பயிலும் மாணவரின் முதற்பணியே ஒரு சொல்லில்தான் தொடங்குகிறது. 'வாட்டர்ஷெட்' என்பது பிரிட்டிஷ் வழக்கில் நீர் இருபுறமும் பிரிந்தோடும் மேட்டுக்கோடு. அமெரிக்க வழக்கில் அக்கோட்டுக்குள் அடங்கிய நிலப்பரப்பு. தமிழில் முன்னதை நீர்ப்பிரிமேடு என்றும் பின்னதை நீர்ப்பிடிப்புப் பகுதி என்றும் நாம் தெளிவாகப் பிரித்துரைக்கலாம். மலாய் மொழியின் 'காவாசான் தாடாஹான்' என்னும் தொடரும் நீரை ஏந்திக்கொள்ளும் இடம் என்னும் கருத்திலேயே அமைந்துள்ளது.

சமவுயரக் கோட்டுப் படத்தில் மேட்டுக்கோட்டை வரைந்தபின் கணக்குத் தொடங்கும். பரப்பு, மழைச்செறிவு, வழிந்தோடும் பங்கு ஆகிய மூன்றையும் பெருக்கி உச்ச நீரோட்டத்தைக் காண்பர். 36 ஹெக்டர் நிலத்தில் மணிக்கு 100 மில்லிமீட்டர் செறிவில் மழை பொழிவதாகக் கொள்வோம். பாதி நீர் வழிந்தோடினால் நொடிக்கு 5 கனமீட்டர் நீர் வந்துசேரும். அந்நிலம் கூரையும் தார்ச்சாலையுமாகி, அப்பங்கு 0.9 ஆயின், 9 கனமீட்டர் வரும். பழைய கால்வாய் அதனைத் தாங்காது. ஆதலால்தான் 2000ஆம் ஆண்டில் வெளிவந்து, 2012இல் இரண்டாம் பதிப்புக் கண்ட மலேசியாவின் 'மஸ்மா' கையேடு, மழைநீரை விரைந்து வெளியேற்றுவதினும் விழுந்த இடத்திலேயே தடுத்துவைத்து மெல்ல விடுவதை வலியுறுத்துகிறது.

கணக்குச் சரியாயினும் சொல் தவறினால் தீங்கு நேரும். 'நூறாண்டு வெள்ளம்' என்னும் தொடரைக் கேட்பவர், ஒருமுறை வந்துவிட்டால் அடுத்த நூறாண்டுக்கு அச்சமில்லை என்றே கொள்வர். பொறியாளர் கருதுவதோ, ஒவ்வோர் ஆண்டும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்புள்ள வெள்ளத்தை. முப்பதாண்டு வீட்டுக்கடன் அடைக்கும் குடும்பத்திற்கு, அக்காலத்துள் அவ்வெள்ளம் ஒருமுறையேனும் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 26 விழுக்காடு. 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் கூரைமேல் ஏறிக் காத்திருந்ததை நாம் மறக்கவில்லை. இத்தகைய இடங்களில் தமிழ்க் குடும்பங்களும் வாழ்கின்றன. அவர்களிடம் 'நூறாண்டு வெள்ளம்' என்று கூறுவதினும் 'எந்த ஆண்டிலும் வரக்கூடிய, நூற்றில் ஒரு வாய்ப்புள்ள வெள்ளம்' என்று கூறுவதே அறமாகும்.

ஆகவே நாம் முன்வைக்கும் வேண்டுகோள் ஒன்றே. மாணவரின் வடிவமைப்பு அறிக்கையில் வரைபடமும் கணக்கும் இருப்பதுபோல, அங்கு வாழும் மக்களின் மொழியில் ஒரு பக்க விளக்கமும் இருத்தல் வேண்டும். கால்வாய் எவ்வளவு நீரைத் தாங்கும், எப்போது தாங்காது என்பதை அப்பக்கம் சொல்லட்டும். அதற்குரிய சொற்களை ஆக்கித் தருவது தமிழ் கற்றோரின் கடமை.