நமக்கும் ஒரு பாடு வேண்டும்

(சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் வங்கியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். மேடைப் பேச்சு வராது, கணக்குதான் வரும். சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு மீனவக் குப்பத்துக்குப் போய்ப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். உங்களில் சிலருக்கு இது தெரியும். மீஞ்சூர் வரை மின்சார ரயில், அப்புறம் பஸ். கிழக்கே கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாய், வடக்கே பழவேற்காடு ஏரி.

முதல் நாள் தனிவட்டி நடத்தினேன். பிள்ளைகள் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு மீன்பிடித் தடைக்காலம் எத்தனை நாள் என்று கேட்டேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் என்று பல குரல்கள். எப்படி என்றேன். "ஏப்ரல்ல 16, மே 31, ஜூன்ல 14" என்று ஒரு பையன் விரல் மடக்காமல் சொன்னான். அன்று முதல் என் கணக்கெல்லாம் மீன் கூறு, ஏல விலை, டீசல் செலவு என்று மாறிவிட்டது.

இனி என் தவறைச் சொல்கிறேன். கண் அறுவை சிகிச்சைக்காக ஆறு வாரம் போகவில்லை. யாரிடமும் சொல்லி அனுப்பவும் இல்லை. திரும்பிப் போனபோது பதினான்கு பிள்ளைகளில் ஐந்து பேர்தான் வந்தார்கள். "நீங்க இனிமே வர மாட்டீங்கன்னு நெனச்சோம் சார்" என்றான் அதே பையன். அதில் கோபம் இல்லை. வந்து நின்றுபோனவர்களை அவர்கள் முன்பே பார்த்திருக்கிறார்கள். அதுதான் எனக்கு உறைத்தது.

கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்த பிறகு, 2021 அக்டோபரில் தமிழக அரசு 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தைத் தொடங்கியது. மாலையில் ஒன்றரை மணி நேரம், ஒருவருக்குச் சுமார் இருபது பிள்ளைகள், மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. பாடம் சொல்லித் தந்தவர்களில் பெரும்பாலோர் அந்தந்தப் பகுதிப் பெண்கள். தெருவிலேயே இருப்பவர் என்பதால் ஒரு நாள் வராவிட்டாலும் பிள்ளைகள் வீட்டு வாசலுக்கே போய்க் கூப்பிடலாம். வெளியூர்க்காரரான நம்மை எங்கே வந்து கூப்பிடுவார்கள்?

இதற்கு வழி பழவேற்காடு ஏரியிலேயே இருக்கிறது. அங்கே மீனவர்களிடம் 'பாடு' என்று ஒரு பழைய முறை உண்டு. பாடு என்றதும் கஷ்டம் என்று நினைத்துவிடாதீர்கள்! எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை போடுவது என்பதற்கான முறை அது. உங்கள் முறை வந்தால் இடம் உங்களுடையது. அடுத்த முறை அடுத்தவருக்கு. ஒருவரை நம்பி ஏரி இல்லை.

நாமும் அப்படி ஒரு பாடு வைத்துக்கொள்ளலாம். நான்கு பேர், மாதத்தில் ஆளுக்கு ஒரு ஞாயிறு. ஐந்தாவது ஞாயிறு வந்தால் அதை நான் பார்த்துக்கொள்கிறேன். வர முடியாதவர் மூன்று நாள் முன்பே சொல்ல வேண்டும்; அவர் இடத்துக்குப் போக இன்னும் இருவர் தயாராக இருக்க வேண்டும். பட்டியலை லிஃப்ட் பக்கத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடலாம். பெரிய படிப்பு தேவையில்லை. ஐந்தாம் வகுப்புக் கணக்கும், தமிழ் வாசிக்கத் தெரிவதும் போதும்.

இரண்டு வேண்டுகோள். ஊர்ப் பெரியவர்களிடமும் பள்ளித் தலைமை ஆசிரியரிடமும் சொல்லிவிட்டே போக வேண்டும். பிள்ளைகளைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடக் கூடாது. அவர்கள் நம் பெருமைக்கான காட்சிப்பொருள் அல்ல.

ஒரு வருடம் தொடர முடியாது என்று தோன்றினால் இப்போதே சொல்லிவிடுங்கள், வருத்தமில்லை. பாதியில் நின்றுபோவதைவிட அது மேல். முடியும் என்பவர்கள், கூட்டம் முடிந்ததும் இந்த நோட்டில் பெயரும் பிளாட் எண்ணும் எழுதுங்கள். முதல் வரியில் என் பெயர் இருக்கிறது. கீழே இன்னும் ஐந்து வரி காலியாக இருக்கிறது.