சிராய்ப்பும் மூன்று மணி நேரமும்

2012. நியூயார்க்கில் ரோரி என்ற 12 வயதுப் பையன் பள்ளியில் பந்துக்குப் பாய்ந்து விழுந்தான். கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். மறுநாள் காய்ச்சல், வாந்தி. அவசர சிகிச்சைப் பிரிவில் வயிற்றுக் கோளாறு என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். அவன் போனபிறகு வந்த ரத்தப் பரிசோதனை வேறு கதை சொன்னது. சில நாளில் பையன் இல்லை. செப்சிஸ்! கிருமியோடு போராடும் உடம்பு தன் உறுப்புகளையே சிதைத்துக்கொள்வது.

2013-இல் நியூயார்க் மாநிலம் அவன் பெயரிலேயே 'ரோரி விதிமுறைகள்' கொண்டுவந்தது. செப்சிஸ் என்று தெரிந்த 3 மணி நேரத்துக்குள் ரத்த மாதிரி எடுத்து, ஆன்டிபயாட்டிக் ஏற்றியாக வேண்டும். மருத்துவர்களுக்கு அவ்வப்போது பயிற்சியும் உண்டு. பழுத்த டாக்டருக்கு எதற்கு வகுப்பு என்பீர்கள். இந்த நோய் சாதாரண ஜுர வேஷத்தில் அல்லவா வருகிறது? அங்கே சுமார் 49,000 நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2017-இல் வெளியிட்டார்கள்: ஆன்டிபயாட்டிக் தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் உயிராபத்து கூடியிருந்தது.