மழலையில் வரும் மூப்பு

அங்கன்வாடியின் எடைத் தராசில் ஏற்றப்படும் குழந்தைகளில் மெலிந்தவர் பலர் இருப்பர். அவர்களிற் பெரும்பாலோர்க்கு ஊட்டக் குறைவே காரணம் என்பதைச் சுகாதார ஊழியர்கள் நன்கறிவர். ஆயினும், மிக மிக அரிதாக ஒரு குழந்தையின் மெலிவு வேறு வகையானதாக இருக்கும். பிறந்தபோது அக்குழந்தையிடம் எக்குறையும் தென்பட்டிராது. ஓராண்டு நிறைவதற்குள் எடை ஏறுவது தடைப்படும். தலைமுடியும் புருவமும் உதிரும். தோல் இறுகி, தலையில் இரத்தக் குழாய்கள் புடைத்துத் தெரியும். மூட்டுகள் விறைக்கும். எவ்வளவு ஊட்டினாலும் உடல் தேறாது. இந்நோயின் பெயர் புரோஜீரியா.

1886-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஜோனதன் ஹட்சின்சன் என்ற மருத்துவர் இதனை முதன்முதலில் விவரித்தார். பின்னர் ஹேஸ்டிங்ஸ் கில்ஃபோர்டு என்பவர் மேலும் ஆராய்ந்தார். அதன்பின் ஏறக்குறைய நூறாண்டுகள் இந்நோயின் காரணம் விளங்காமலே இருந்தது. நாற்பது லட்சம் பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவில் வரும் நோய்க்கு யார்தான் பணம் செலவிடுவர்? அமெரிக்காவில் சாம் பெர்ன்ஸ் என்ற சிறுவனுக்கு இந்நோய் இருப்பது தெரிந்தபின், மருத்துவர்களான அவனுடைய பெற்றோர் 1999-இல் புரோஜீரியா ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கினர். நான்கே ஆண்டுகளில், 2003-இல், காரணம் கண்டறியப்பட்டது.

உயிரணுவின் உட்கருவைத் தாங்கி நிற்கும் சாரம் போன்றது 'லாமின் ஏ' என்ற புரதம். அதனை ஆக்கும் மரபணுவில் ஒரேயொரு எழுத்து மாறிவிடுகிறது. அதனால் புரதத்தில் 50 அமினோ அமிலங்கள் குறைகின்றன. வேலை முடிந்ததும் வெட்டி நீக்கப்பட வேண்டிய கொழுப்பு ஒட்டு ஒன்று நீங்காமல் நின்றுவிடுகிறது. புரோஜெரின் எனப்படும் அந்தப் பழுதுற்ற புரதம் உட்கருவின் உறையில் ஒட்டிக்கொள்ள, உருண்டையான உட்கரு கோணலாகிறது. இதே புரதம் எல்லா மனிதரின் உடலிலும் சிறிதளவு உண்டாகிறது என்பது தெரிந்தபின், முதுமையை ஆராய்வோரும் இந்நோயின்மீது கவனம் செலுத்தத் தொடங்கினர்.

இம்மாற்றம் பெரும்பாலும் பெற்றோரிடமிருந்து வருவதன்று. கருவுறும் காலத்தை ஒட்டிப் புதிதாக நேர்வது. ஆகவே தாயைக் குறை கூறுவதற்கும், சாபம் என்று ஒதுக்குவதற்கும் சிறிதும் இடமில்லை. இதை அக்குடும்பத்தின் வாயிற்படியிலேயே எடுத்துச் சொல்ல வேண்டியவர் ஊர்ச் சுகாதார ஊழியரே.

முதுமை என்று சொல்லப்பட்டாலும், முதுமையின் எல்லாக் கூறுகளும் இதில் இல்லை. அறிவும் நினைவும் வயதுக்கேற்ப வளர்கின்றன. இக்குழந்தைகள் பள்ளியில் நன்றாகவே படிக்கின்றனர். கெடுவது இரத்தக் குழாய்கள். சிகிச்சையின்றேல், சராசரியாகப் பதினான்கரை வயதில் மாரடைப்போ பக்கவாதமோ உயிரைக் கொண்டுபோய்விடுகிறது. சாம் பெர்ன்ஸ் 2014-இல் பதினேழு வயதில் மறைந்தான்.

புற்றுநோய்க்கென உருவாக்கப்பட்ட லோனாஃபார்னிப் என்ற மருந்து, அந்தக் கொழுப்பு ஒட்டு சேர்வதைத் தடுக்கிறது. 2020 நவம்பரில் அமெரிக்க அரசு இதற்கு அனுமதி வழங்கியது. பதினோராண்டுவரை தொடர்ந்து கவனித்ததில், ஆயுள் சராசரியாக இரண்டரை ஆண்டு நீண்டிருந்தது. இது நோயைப் போக்கும் மருந்தன்று. ஆனால் பதினான்கு வயதே எல்லையாக உள்ள பிள்ளைக்கு இரண்டரை ஆண்டு சிறிய காலமன்று.

இந்தியாவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ இரண்டே கால் கோடிக் குழந்தைகள் பிறக்கின்றனர். மேற்கூறிய விகிதப்படி, ஆண்டுக்கு ஐந்தாறு குழந்தைகள் இந்நோயுடன் பிறக்கக்கூடும். நாடு முழுவதிலும் எழுபது எண்பது பேர் வாழக்கூடும். அவர்களிற் பலர் எந்தப் பதிவேட்டிலும் இடம்பெறாமலே மறைவர் என்று அஞ்ச வேண்டியுள்ளது. 2009-இல் வெளிவந்த 'பா' என்ற இந்தித் திரைப்படம் நோயின் பெயரை நகரங்களுக்குக் கொண்டு சென்றது. குழந்தையைக் கண்டுபிடிப்பது திரைப்படத்தின் வேலையன்று.

அதற்கான வழிகள் ஓரளவு அமைந்துள்ளன. 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ், பதினெட்டு வயது வரையுள்ளோர் பரிசோதிக்கப்படுகின்றனர். 2021-ஆம் ஆண்டின் அரிய நோய்கள் கொள்கை, டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகம், மும்பை கே.ஈ.எம். மருத்துவமனை முதலியவற்றைச் சிறப்பு மையங்களாக்கியது. நாட்டில் இத்தகைய நோய்களைப் பற்றிய புள்ளிவிவரம் போதாது என்று அக்கொள்கையே ஒப்புக்கொள்கிறது.

மருந்து வந்து சேரும்வரை செய்யக்கூடியவையும் உள. சிறுசிறு வேளைகளாகச் சத்துள்ள உணவு, உடலில் நீர் வற்றாமல் காத்தல், மூட்டுகளுக்கு இயன்முறைப் பயிற்சி, மருத்துவர் சொற்படி குறைந்த அளவு ஆஸ்பிரின் ஆகியவை அவை. இவற்றுக்குப் பெருஞ்செலவில்லை. முடியுதிர்ந்து, தோல் இறுகி, எடை ஏறாத குழந்தையை ஊட்டக் குறைவுப் பட்டியலில் சேர்த்துவிட்டு நின்றுவிடாமல், மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். ஐயம் எழுந்தால், மருத்துவரின் வழியாக மரபணுச் சோதனைக்கு ஏற்பாடு செய்யலாம். புரோஜீரியா ஆராய்ச்சி அறக்கட்டளை குடும்பத்தாரிடம் கட்டணம் பெறாமலே அச்சோதனையைச் செய்து தருகிறது.