குறிஞ்சித் தேனும் ராஜம் கிருஷ்ணனும்
(குன்னூரில் தேயிலைத் தொழிலாளர்களிடையே ஆற்றிய உரை)



உதகைக்கு வந்து பூங்காவையும் ஏரியையும் பார்த்துவிட்டு, மலையிறங்கிக் கதை எழுதியவர்கள் உண்டு. அக்கதைகளில் பனி இருக்கும். பனியில் நடுங்கும் மனிதன் இருக்கமாட்டான். 1963-ல் வெளிவந்த ராஜம் கிருஷ்ணனின் 'குறிஞ்சித் தேன்' அந்த ரகமல்ல.

1925-ல் முசிறியில் பிறந்தவர் அவர். பதினைந்து வயதில் கலியாணம். கணவர் மின்சாரப் பொறியாளர். அவருடைய உத்தியோகம்தான் அம்மையாரை நீலகிரிக்குக் கொண்டுவந்தது. ஓடும் நீரை மடக்கி மின்சாரம் எடுத்துக்கொண்டிருந்த காலம். அந்த மின்சாரத்தோடு வந்த வீட்டுப் பெண்ணே படகர் ஹட்டிகளுக்குள் போய், பழகி, கேட்டு, அந்த மாற்றத்துக்கு மலைமக்கள் கொடுத்த விலையை எழுதினார்! பின்னாளில் உப்பளத்துக்கும் மீனவர் குப்பத்துக்கும் அவர் போனதெல்லாம் இங்கே பழகிய பழக்கந்தான்.

பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை பூக்கும் குறிஞ்சியே கதைக்குக் கடிகாரம். சாமையும் ராகியும் விளைந்த மண்ணில் உருளைக்கிழங்கும் தேயிலையும் ஏறுகின்றன. ஜோகி மண்ணோடு நிற்கிறான்; ரங்கன் பணத்தின் பின்னே ஓடுகிறான். ஒரே குடும்பம் இரண்டாகிறது.

இங்கே அவருடைய காந்தியப் பற்று பேசுகிறது. உழைப்பும் வாய்மையும் ஒருபுறம், பேராசை மறுபுறம். நாம் கேட்கிறோம்: பேராசை ரங்கனின் நெஞ்சில் தானாக முளைத்ததா? நாவல் வந்த அதே 1963-ல்தான் குன்னூரில் தேயிலை ஏலம் தொடங்கிற்று. இலையைப் பயிரிட்டவன் ஒருவன், விலையைச் சொல்பவன் வேறொருவன். ஜோகியே தேயிலை வைத்திருந்தாலும் அந்த விலைக்குத்தானே தலையாட்ட வேண்டும்? சிறு விவசாயித் தோழர்கள் சொல்லட்டும்.

அம்மையார் அங்கேயே நின்றுவிடவில்லை. காந்தியத்தின் கதி என்ன என்று தமக்குள்ளேயே கேட்டு 'வேருக்கு நீர்' எழுதினார். 1973-ல் சாகித்திய அகாதமி பரிசு அதற்குத்தான் கிடைத்தது. 1979-ல் தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரைப் பற்றி 'கரிப்பு மணிகள்'. 1991-ல் தஞ்சை விவசாயத் தொழிலாளரின் தலைவி மணலூர் மணியம்மையின் வாழ்க்கையை 'பாதையில் பதிந்த அடிகள்' என்று எழுதினார். ஜோகியிலிருந்து மணியம்மைவரை எத்தனை தூரம்! 2014-ல் மறையும்வரை அவர் கற்றுக்கொண்டே இருந்தார் என்றுதான் நாம் எண்ணுகிறோம்.

ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். 'குறிஞ்சித் தேன்' ஹட்டியின் கதை. லைன் வீட்டின் கதையல்ல. ஆனைமலைத் தோட்டத்துக் கூலிகளுக்கு டாக்டர் டேனியல் கிடைத்தார். அவர் 1969-ல் ஆங்கிலத்தில் எழுதியதை 'எரியும் பனிக்காடு' என்று இரா. முருகவேள் தமிழில் தந்தார். நீலகிரிக்கோ, 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு சிலோனிலிருந்து கப்பலேறி வந்தவர்களின் கதை இருக்கிறது. கோத்தகிரியிலும் கூடலூரிலும் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறித்தவர்கள், இரண்டு தேசத்துக்கும் உழைத்தவர்கள். அவர்களுடைய பிள்ளைகள் இந்தக் கூட்டத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். சிலர் எழுதியும் வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டோம். கூட்டம் முடிந்ததும் அந்த நோட்டுப் புத்தகங்களை எடுத்து வாருங்கள், தோழர்களே. கடைசி பஸ்ஸுக்கு இன்னும் நேரமிருக்கிறது, உட்கார்ந்து படிப்போம்.