பேசாத குழந்தையின் மனக்காயம்



நான் வைத்தியனல்லன், பார்சல் ஆபீஸில் கணக்கெழுதும் குமாஸ்தா. எனினும், ஆட்டிசமும் அறிவு வளர்ச்சிக் குறைவும் உள்ள குழந்தைகளைப் பற்றிப் படித்தும் கேட்டும் அறிந்த ஒன்றைத் தங்கள்முன் வைக்க விழைகிறேன்.

ஆட்டிசமுள்ள சிறுவன் ஒருவனை எண்ணிப் பாருங்கள். நன்றாக உறங்கியவன், தானே சட்டை மாட்டிக்கொள்ளக் கற்றவன். ஒரு நாள் நாய் கடித்துவிடுகிறது. நால்வர் அமுக்கிப் பிடிக்க, ஊசி போடுகிறார்கள். அதன்பின் உறக்கமில்லை, படுக்கை நனைகிறது, வெள்ளைக் கோட்டைக் கண்டால் தலையைச் சுவரில் மோதுகிறான். நாமோ, "அவன் பிறவியே அப்படித்தான்" என்கிறோம். குறைக்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டால், பின்னர் வரும் துன்பங்களையெல்லாம் அதன் பற்றிலேயே எழுதிவிடுகிறோம். மருத்துவர்களும் இதற்கு விலக்கல்லர் என்பதை அமெரிக்க உளவியலறிஞர்கள் 1982-லேயே எடுத்துக்காட்டினர்.

ஆகவே, மாறுதல் எந்த நாளில் தொடங்கிற்று என்று முதலில் விசாரியுங்கள். சில வேளை, நடந்தது எவருக்கும் தெரியாமலே இருக்கும். தீங்கிழைத்தவர் வீட்டுக்கு வேண்டியவராகவும் இருக்கக்கூடும். ஊனமுற்ற குழந்தைகள் வன்முறைக்கு ஆளாவது மற்றவரைவிட மூன்று மடங்குக்கும் மேல் என்று 2012-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. தீங்கு தொடருமாயின், அதை நிறுத்துவதே முதற் சிகிச்சை.

அடுத்தது காயத்தை ஆற்றுவது. பிரான்சைன் ஷாபிரோ என்ற அமெரிக்கப் பெண்மணி 1987-இல் ஒரு முறையைக் கண்டார். அஞ்சிய நிகழ்ச்சியை மனத்தில் நிறுத்தியவாறே, சிகிச்சையாளரின் விரல் இடமும் வலமுமாக அசைவதைக் கண்ணால் தொடர வேண்டும். உலக சுகாதார நிறுவனமும் 2013-இல் இதைப் பரிந்துரைத்தது. விரலைத் தொடர இயலாத குழந்தைக்கு இரு கைகளையும் மாறி மாறி மெல்லத் தட்டுவர். 'அச்சம் எவ்வளவு?' என்பதற்கு எண் சொல்லத் தெரியாவிடில், கைகளை விரித்துக் காட்டினாற் போதும். அதே அறை, அதே நேரம், ஓசையின்மை; இவை மிக முக்கியம். இத்தகைய குழந்தைகளிடையே நடந்த ஆய்வுகள் இன்னும் சிலவே. ஆதலால் கைகண்ட மருந்தென்று நான் விளம்பரம் செய்யவில்லை. தாயத்தையும் பிரம்பையும்விட மேலென்று மட்டும் துணிந்து கூறுவேன்.

பேச்சில்லாத குழந்தைக்குத் தாயே நடந்ததைக் கதையாகச் சொல்வதுண்டு: நாய் கடித்தது, வலித்தது, வீடு வந்தோம், புண் ஆறிவிட்டது. இங்கே நமக்கென்று ஒரு சங்கடம் இருக்கிறது. டாக்டர் பேசுவது இந்தி. குழந்தை அறிந்ததோ வீட்டுத் தமிழ். எனவே தாயைப் பக்கத்தில் அமர்த்தி, கதையைத் தமிழிலேயே சொல்லவிடுமாறு டாக்டரைத் தயங்காது கேளுங்கள். இந்தி வராத தாய்மாருடன் ஆஸ்பத்திரிக்குத் துணை வர நான் ஆயத்தமாக இருக்கிறேன். ஞாயிறும் ஓய்வு நாட்களும் என்னுடையவை.